விருந்தாளி கையில் வாளி

வெளிநாட்டு மாணவர் பரிமாற்றப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஒரு கேள்வி காத்திருக்கிறது. ஆய்வுக்கு வரும் அதிகாரி கேட்பார், நிர்வாகக் குழுவில் கேட்பார்கள், ராஜபாளையம் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காருகிறவர்கூடக் கேட்பார். "எங்கிருந்தோ ஒரு பிள்ளை வருது, இங்கருந்து ஒரு பிள்ளை போகுது. இதுல ஊருக்கு என்ன லாபம் டீச்சர்?" வேலையில் இருந்தவரை இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். பொருளாதாரம், பண்பாடு, உலகளாவிய பார்வை என்றெல்லாம் அறிக்கையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நான் எழுதியதை நானே நம்பினேனா என்று கேட்காதீர்கள். ஓய்வு பெற்ற பிறகு யாராவது கேட்டால் ஹன்னாவின் கதையைத்தான் சொல்கிறேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

நான் அடிப்படையில் ஆங்கிலம் நடத்தியவள். "ஜெர்மன்காரங்ககிட்டப் பேச ஆள் வேணும்ல, நீங்களே பாத்துக்கோங்க" என்று கல்லூரித் தாளாளர் ஒரு கூட்டத்தின் நடுவில் சொன்னார். அதுதான் என் நியமனம். தாளாளர் ராஜபாளையத்தில் நூல் மில் வைத்திருப்பவர், நல்ல மனுஷர், ஆனால் எந்தச் சிக்கலையும் அடுத்த அரை மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று நினைப்பவர்.

ஏற்பாடு எளிமையானது. ஜெர்மனியில் நூல் மில்கள் உள்ள ஒரு சின்ன நகரம். அங்குள்ள பல்கலைக்கழகத்திலிருந்து ஜவுளித் தொழில்நுட்பம் படிக்கும் ஒரு பிள்ளை ஒரு பருவம் இங்கே வந்து ஊர்க்காரர் வீட்டில் தங்கிப் படிக்கும். பதிலுக்கு நம் பிள்ளை ஒன்று அங்கே போகும், படிப்புச் செலவு கிடையாது. ஒரே ஒரு கண்டிஷன்தான். வந்த பிள்ளை பாதிப் பருவத்துக்கு முன்னால் கிளம்பிவிட்டால் பரிமாற்றம் நடக்கவில்லை என்று கணக்கு, அந்த வருஷம் நம் பிள்ளைக்கும் இடம் இல்லை. ஒப்பந்தத்தை வாசித்தபோது அந்த வரியை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் ஊருக்கு வந்த பிள்ளை பாதியில் போகுமா என்ன என்ற தெனாவெட்டு.

ஹன்னா தை மாதம் வந்தாள். உயரமான, சிரித்த முகமான பெண். அவளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் பார்த்து வைத்திருந்த வீடு சொர்ணத்தின் வீடு. சொர்ணம் எனக்கு நீண்ட நாள் பழக்கம். அவள் புருஷன் ராணுவத்தில் இருந்து வந்தவர், மில் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். தெருவில் எல்லோருக்கும் அவர் ஹவில்தார்தான். ஒரே மகன், போலீஸ் வேலைக்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தான். வீடு சுத்தம், மனசு அதைவிடச் சுத்தம். "என் பொறுப்புல விட்டுருங்க டீச்சர், ஒரு கொசு அண்டாது" என்றார் ஹவில்தார். சொன்னபடியே செய்தார், அதுதான் வினை.

அவர்கள் செய்ததை வரிசையாகச் சொன்னால் நீங்கள் பாராட்டத்தான் செய்வீர்கள். தங்கள் படுக்கையறையை அவளுக்குக் கொடுத்துவிட்டு இருவரும் கூடத்தில் படுத்தார்கள். புதுக் கட்டில், புதுத் திரைச்சீலை, புதிதாக வெஸ்டர்ன் டாய்லெட். அவளுக்கென்று மிளகாய் போடாத தனிச் சமையல். சாப்பாட்டு மேசையில் அவள் உட்கார்ந்தால் சொர்ணம் கரண்டியோடு பக்கத்தில் நிற்பாள், ஹவில்தார் வாசல் பக்கம் நிற்பார், எதிர்வீட்டு அம்மாக்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து "சப்பாத்தி சாப்புடுதே" என்று வியப்பார்கள். அவள் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் வீட்டார் அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அவள் தட்டைக் கழுவ எடுத்தால் சொர்ணம் பிடுங்கிக்கொள்வாள். அவள் கல்லூரி பஸ்ஸில் ஏறினால் ஹவில்தார் ஸ்கூட்டரில் பஸ்ஸுக்குப் பின்னாலேயே கல்லூரி கேட் வரை வருவார். டிரைவர் ஒரு நாள் என்னிடம், "மேடம், எனக்கு எஸ்கார்ட் வச்ச மாதிரி இருக்கு" என்றார். நான் சிரித்தேன். அப்போது எனக்கும் அது வேடிக்கையாகத்தான் பட்டது.

மாசி பிறந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை ஹன்னா என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ஊருக்குத் திரும்பப் போகிறேன் என்றாள்.

உடம்பு சரியில்லையா, வகுப்பில் ஏதாவதா, யாராவது ஏதாவது சொன்னார்களா என்று நான் பதறிப்போய்க் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அவர்களுக்கு என்னைப் பிடிக்கவில்லை. இத்தனை நாளில் ஒரு வேளைகூட என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. நான் எழுந்து போன பிறகு உள்ளே பேசிச் சிரித்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள். நான் எதையாவது தொட்டால் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறார்கள். என்னை வெளியே தனியாக விட நம்பிக்கையும் இல்லை. நேற்று ஒன்று தெரிந்தது. அவர்களுக்கு ஒரு மகன் இருக்கிறானாம். நான் இருப்பதால் அவனைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். பரீட்சைக்குப் படிக்கிற பையன். நான் ஒரு குடும்பத்தைப் பிரித்து வைத்திருக்கிறேன்."

வயசுப் பெண் தங்குகிற வீட்டில் வயசுப் பையன் இருக்க வேண்டாம் என்று அவனைக் கான்சாபுரத்தில் ஹவில்தாரின் சித்தப்பா வீட்டில் விட்டிருந்தார்கள். அது மரியாதை. எதிர்வீட்டில் யாரோ அதைப் பெருமையாகவே அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அவள் கண்ணில் பார்த்தால் எல்லாமே தலைகீழ். அவர்கள் கொடுத்த ஒவ்வொரு மரியாதையும் அவளுக்கு ஒரு கதவு சாத்தியது போலிருந்திருக்கிறது. அவள் போனைக் காட்டினாள். பல்கலைக்கழகத்துக்கு எழுதிய மின்னஞ்சல் தயாராக இருந்தது, அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

"ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரைக்கும் அதை அனுப்பாதே. அதற்குப் பிறகு உன் இஷ்டம், நானே டிக்கெட் போட்டுத் தருகிறேன்" என்றேன். சரி என்றாள்.

அவள் போனதும் எனக்கு மாரீஸ்வரி ஞாபகம் வந்தாள். உங்களுக்கு அவளைத் தெரியாது. செட்டியார்பட்டிப் பிள்ளை. அப்பா கருப்பசாமி ஒரு சின்ன ஷெட்டில் கூலிக்குத் தறி ஓட்டி, ஆஸ்பத்திரிக்குப் போகும் பேண்டேஜ் துணி நெய்கிறவர். அந்த வருஷம் ஜெர்மனிக்குத் தேர்வானவள் அவள்தான். ஆனியில் கடைசி வருஷம் தொடங்கும், இதைவிட்டால் வேறு வாய்ப்பு கிடையாது. பாஸ்போர்ட் வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் கேட்டு வந்ததைக் கருப்பசாமி, "எம் பிள்ளை படிச்சிட்டு வரட்டும்" என்று திருப்பி அனுப்பியிருந்தார். கண் பட்டுவிடும் என்று சொந்தக்காரர் யாரிடமும் விஷயத்தைச் சொல்லவில்லை. ஹன்னா அந்த மின்னஞ்சலை அனுப்பினால் மாரீஸ்வரியின் பயணம் அதோடு முடிந்தது.

தாளாளரிடம் போனேன். அவர் உடனே வழி சொன்னார்.

"அந்தப் பொண்ணை மில் கெஸ்ட் ஹவுஸுக்கு மாத்திருங்க. ஏசி இருக்கு, குக் இருக்கான். பாதிப் பருவம் தாண்டுற வரைக்கும் ஓட்டிட்டாப் போதும்."

"வெள்ளைக்காரப் பிள்ளையை வெரட்டி விட்டாகன்னு சொர்ணத்தைத் தெருவே பேசும் சார். கெஸ்ட் ஹவுஸ்ல இவ இன்னும் தனியாத்தான் இருப்பா. ஒரு வாரம் தாங்க மாட்டா."

"அப்ப மாரீஸ்வரி விஷயத்தைச் சொல்லுங்க. நீ போனா எங்க பிள்ளை வாழ்க்கை போயிரும்னு சொல்லுங்க. நல்ல பிள்ளை, இருந்துரும்."

அவர் சொன்னது சரிதான். சொல்லியிருந்தால் ஹன்னா கண்டிப்பாக இருந்திருப்பாள். அதனால்தான் சொல்ல மாட்டேன் என்றேன். இன்னொருத்தி வாழ்க்கையைத் தூக்கித் தலையில் வைத்து ஒரு பெண்ணை வீட்டுக்குள் உட்கார வைப்பதற்குப் பெயர் பரிமாற்றம் இல்லை. நாள் எண்ணிக்கொண்டு இருந்துவிட்டு, நம் ஊரை நினைத்தாலே முகம் சுளிக்கிறவளாகத் திரும்பிப் போவாள். தாளாளருக்குக் கோபம். "தப்பாப் போச்சுன்னா அந்தத் தறிக்காரர்கிட்ட நீங்கதான் போய்ச் சொல்லணும்" என்றார். சொல்கிறேன் என்றேன். வெளியே வந்தபோது பயமாக இருந்தது உண்மை. நீங்களும் ஒரு நாள் இப்படி ஓர் இடத்தில் நிற்பீர்கள். பயம் வரும், வந்தால் வரட்டும்.

சாயங்காலம் சொர்ணம் வீட்டுக்குப் போனேன். பேசிப் புரியவைத்துவிடலாம் என்று முதலில் நினைத்தேன்.

"சொர்ணம், அவகிட்ட ஏதாச்சும் வேலை சொல்லு. கீரை ஆயச் சொல்லு. கூட உக்காந்து சாப்பிடு."

சொர்ணம் என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "கடல் தாண்டி வந்த பிள்ளை டீச்சர். அவிய அப்பா அம்மா கேள்விப்பட்டா என்ன நெனைப்பாக? எம் பிள்ளையைக் கீரை ஆயவா அனுப்புனோம்னு கேக்க மாட்டாகளா? தெருவுல நான் எப்படித் தலைகாட்டுறது?"

"அவளுக்கு மனசு சரியில்லை."

"அதான் எனக்கும் தெரியுதே. முகமே வாடிப்போச்சு. இன்னும் என்ன செய்யணும்னு சொல்லுங்க, செஞ்சிருவோம்."

இன்னும் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறவளிடம், செய்வதை நிறுத்து என்று எப்படிச் சொல்வது? சொன்னால் தலையை ஆட்டுவாள், மறுநாள் இன்னொரு பலகாரம் சேர்த்துச் செய்வாள். அப்போதுதான் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை கூமாப்பட்டிக்கு அந்தப் பக்கம் மலையடிவாரத்துத் தோப்பில் அவர்களுடைய குலசாமி கும்பிடு, கிடாவெட்டு. ஹன்னாவை எதிர்வீட்டில் விட்டுவிட்டுப் போகப் போகிறார்களாம். "வெயிலு, புழுதி, தரையில உக்காரணும். எதுக்கு அதைப் போட்டு வதைக்கணும்?"

"கூட்டிட்டுப் போ. நானும் வாரேன்" என்றேன்.

அந்தக் கும்பிடுக்கு நான் முன்பு ஒரு தடவை போயிருக்கிறேன். அந்த வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. பந்தியில் விருந்தாளிகளும் சம்பந்திமாரும் முதலில் உட்காருவார்கள். பங்காளி வீட்டு ஆட்கள் மட்டும்தான் பரிமாறுவார்கள், பெரியவர்கள் முதல் பிள்ளைகள் வரை. வெளியாள் யாரும் வாளியைத் தொடக் கூடாது. வாளி யார் கையில் இருக்கிறது என்று பார்த்தாலே யார் வீட்டாள், யார் வந்தவர் என்று தெரிந்துவிடும். பரிமாறி முடித்துக் கடைசிப் பந்தியில் பங்காளிகள் எல்லோரும் ஒன்றாக உட்காருவார்கள். அன்று ராத்திரி முழுக்க எனக்கு இதே யோசனை.

ஞாயிற்றுக்கிழமை வேனில் போனோம். ஹன்னா மரியாதைக்காகத்தான் வந்தாள் என்பது முகத்திலேயே தெரிந்தது, போகும்முன் ஒரு நன்றி சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். தோப்பில் மூன்று பெரிய அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. ஹவில்தார் அவளுக்கென்று ஒரு பிளாஸ்டிக் சேரை மாமரத்தடியில் போட்டு, "சிட் மேடம், நோ ப்ராப்ளம் மேடம்" என்று உட்கார வைத்து, பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு நின்றுகொண்டார். அத்தனை பேரும் தரையில், அவள் மட்டும் சேரில்.

பந்தி போட்டார்கள். பாய் விரித்து, இலை போட்டு, முதல் வரிசையில் கான்சாபுரத்துச் சித்தப்பா உட்கார்ந்தார். வகையறாவுக்கே மூத்தவர் என்பதால் அவருக்கு மட்டும் முதல் பந்தி. கிடாக்குழம்பு ஓடிக்கொண்டிருந்தது. அடுத்தது ரசம். ரசவாளியை எடுக்க வந்த பையன் அப்பளக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான், வாளி அடுப்பு ஓரமாக நின்றது.

நான் அதைத் தூக்கிக்கொண்டு போய் ஹன்னாவின் கையில் கொடுத்தேன். "எல்லா இலைக்கும் ஒரு கரண்டி. அந்தப் பெரியவரிடமிருந்து ஆரம்பி" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள், சட்டென்று எழுந்தாள். அவ்வளவு நாளும் யாராவது ஒரு வேலை சொல்ல மாட்டார்களா என்று ஏங்கிப்போயிருந்த பிள்ளை. ஹவில்தார் "மேடம், மேடம்" என்று பாய்ந்து வந்தார். நான் குறுக்கே நின்று, "சார், செத்த நேரம் அந்தச் சேர்ல உக்காருங்க" என்றேன். என்ன குரலில் சொன்னேனோ, உட்கார்ந்துவிட்டார்.

ஹன்னா சித்தப்பாவின் இலை முன்னால் குனிந்தாள். அவர் இலைக்கு மேல் கையை விரித்துத் தடுத்துவிட்டார்.

"ஏலே, இங்க வா." ஹவில்தாரைத்தான் கூப்பிட்டார். பந்தி மொத்தமும் திரும்பிப் பார்த்தது. "வீட்டுக்கு வந்த பிள்ளை கையில வாளியைக் குடுத்தது யாருலே? நம்ம வகையறாவுல ஆள் இல்லாமப் போச்சா?"

சேரிலிருந்து எழுந்த ஹவில்தார் அட்டென்ஷனில் நின்றார். ஹன்னாவுக்குத் தமிழ் புரியவில்லை, குரல் புரிந்தது. முகம் வெளுத்துவிட்டது. கரண்டியிலிருந்து ரசம் பாயில் சொட்டியது. மறுபடியும் ஏதோ தொடக் கூடாததைத் தொட்டுவிட்டோம் என்று அவள் நினைத்தது எனக்குத் தெரிந்தது. எல்லாவற்றையும் நானே கெடுத்துவிட்டேன். கருப்பசாமியிடம் போய் என்ன சொல்வது என்ற நினைப்புகூட வந்துவிட்டது. நான்தான் கொடுத்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் அடுப்பிலிருந்து சொர்ணம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பெரியவரைப் பார்த்தாள், ஹன்னாவைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வையில் அவளுக்கு என்ன புரிந்ததோ, நான் ஒரு மணி நேரம் பேசியும் புரியாதது புரிந்துவிட்டது.

"விருந்தாளியா? இங்க எங்க இருக்கு விருந்தாளி?" என்றாள். "அது எங்க வீட்டுப் பிள்ளை மாமா. எங்க வீட்டுப் பிள்ளை வாளி தூக்காம வேற யாரு தூக்குவா? ரசம் வேணுமா வேண்டாமா, அதைச் சொல்லுங்க. மத்த இலையெல்லாம் காத்துக்கிட்டுக் கெடக்கு."

பிறகு ஹன்னா பக்கம் திரும்பினாள். "ஏட்டி, என்ன பாத்துக்கிட்டு நிக்க? ஊத்துட்டி. ஊத்திட்டு அடுத்த இலைக்குப் போ."

அதுவரை அந்த வீட்டில் மேடமாக இருந்தவள். வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவது போல ஏட்டி என்று அவளை யாரும் கூப்பிட்டதில்லை. பெரியவர் சொர்ணத்தை நிமிர்ந்து பார்த்தார். கையை எடுத்தார். சோற்றைக் குவித்து நடுவில் குழி செய்தார். "ஊத்தும்மா. செத்த கூடவே ஊத்து" என்றார்.

ஹன்னா ஊற்றினாள். நாலாவது இலைக்குள் கை பழகிவிட்டது. ஒரு பெண் வேண்டாம் என்று கை காட்ட, ஹன்னா அப்படியே விட்டுவிட்டு நகர்ந்தாள், சொர்ணம் பின்னாலிருந்து, "ஏட்டி, அவ சும்மா சொல்லுதா, ஊத்து" என்று கத்தினாள். ரசவாளி காலியானதும் மோர்வாளியை ஹன்னாவே கேட்டு வாங்கிக்கொண்டாள். கடைசிப் பந்தியில் சொர்ணம் அவளை இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள், என்னையும் விடவில்லை. மிளகாய் போடாத தனிச் சாப்பாடு தூக்குவாளியில் வந்திருந்தது, யாரும் அதைத் திறக்கவில்லை. கிடாக்குழம்பைச் சாப்பிட்டு அவளுக்குக் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது. "காரமா?" என்று சொர்ணம் கேட்டாள். ஹன்னா தலையை ஆட்டிக்கொண்டே அடுத்த வாயை எடுத்து வைத்தாள். காரத்தினால் மட்டும் வந்த கண்ணீர் இல்லை அது. என் இலையிலும் ரெண்டு சொட்டு விழுந்தது, எனக்கு எந்தக் காரமும் இல்லை.

திரும்பி வரும்போது வேனில் இடம் இல்லை. சொர்ணம் ஒரு பெரிய அண்டாவை ஹன்னாவின் மடியில் வைத்துவிட்டு, "கெட்டியாப் பிடிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டாள். வத்திராயிருப்பு தாண்டியதும் நான் மெதுவாகக் கேட்டேன், சாயங்காலம் ஆகிவிட்டதே, மின்னஞ்சல் என்ன ஆயிற்று என்று. அண்டாவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "நாளைக்கு இதைத் தேய்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்கு நேரம் இல்லை."

அந்த வாரமே மகன் கான்சாபுரத்திலிருந்து பெட்டியோடு திரும்பி வந்தான். ஹன்னாதான் ஹவில்தாரிடம் சண்டை போட்டு வரவழைத்தாள். அவன் அவளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தான், அவள் அவனுக்கு ஆங்கிலத் தாளுக்குப் பயிற்சி கொடுத்தாள். இன்று அவன் காக்கிச் சட்டையில் இருக்கிறான். ஸ்கூட்டர் எஸ்கார்ட் மட்டும் கடைசிவரை முழுசாக நிற்கவில்லை, பஸ் ஸ்டாப்போடு நின்றது. அதற்கு மேல் அந்த மனுஷரிடம் எதிர்பார்க்கக் கூடாது.

பாதிப் பருவம் தாண்டி, மாரீஸ்வரியின் இடம் உறுதி என்று கடிதம் வந்த அன்று நானே செட்டியார்பட்டிக்குப் போனேன். ஷெட்டில் தறிச் சத்தம் காதைப் பிளந்தது. கருப்பசாமியின் காதருகில் போய்ச் சொன்னேன். அவர் ஓடுகிற தறியை நிறுத்தினார். அவர் நிறுத்தியதைப் பார்த்துப் பக்கத்துத் தறிக்காரர்களும் ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். ஷெட்டே அமைதியாகிவிட்டது.

"இன்னொரு தடவை சொல்லுங்க டீச்சர்" என்றார். "தறிச் சத்தத்துல கேக்கலை."

நான் இன்னொரு தடவை சொன்னேன். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் அத்தனை நாள் ஒளித்து வைத்திருந்த விஷயத்தை ஷெட்டில் இருந்த எல்லோரிடமும் அவரே கத்திச் சொன்னார்.

ஹன்னாவுக்கு அந்தப் பாதிப் பருவக் கண்டிஷன் பிற்பாடுதான் தெரிய வந்தது, மாரீஸ்வரி வாய் வழியாகவே. அதற்குள் இருவரும் ஒட்டிக்கொண்டு திரிந்தார்கள். கோபமாக என் அறைக்கு வந்தாள். "ஏன் என்னிடம் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நான் இருந்திருப்பேனே."

"இருந்திருப்பாய். அதனால்தான்" என்றேன்.

சரி என்று சொல்லிவிட்டுப் போனாள். போகும்போது கதவைச் சாத்தவில்லை.

லாபத்துக்கு வருகிறேன். ஹன்னா தன் ஆய்வுக்குக் கருப்பசாமியின் ஷெட்டைத்தான் எடுத்துக்கொண்டாள். மாரீஸ்வரியும் அவளும் சேர்ந்து அந்தப் பேண்டேஜ் துணியை வாரக்கணக்கில் சோதித்தார்கள். பிறகு ஹன்னாவின் பேராசிரியை இங்கே வந்தார். தாளாளர் மாலையோடு மில் வாசலில் நின்றார். அந்த அம்மாள் மில்லைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஹன்னா எழுதிய அந்தச் சின்ன ஷெட் எங்கே என்று கேட்டார். தாளாளர் முகம் போன போக்கு இருக்கிறதே. ஆனாலும் காரில் அவரே கூட்டிக்கொண்டு போனார். அந்த அம்மாள் கொண்டுபோன மாதிரித் துணியைப் பார்த்து அவர்கள் ஊர் ஆஸ்பத்திரிகளுக்குச் சரக்கு கொடுக்கும் ஒரு கம்பெனி கொஞ்சம் வாங்கிப் பார்த்தது, பிறகு தொடர்ந்து வாங்கியது. இன்று அந்தத் தெருவில் பல ஷெட்டுகளுக்கு அந்த ஆர்டர் வருகிறது. கருப்பசாமி ஓட்டுவது இப்போது சொந்தத் தறி. ஒப்பந்தத்தில் இடங்களைக் கூட்டினார்கள். பேராசிரியையை வழியனுப்பிவிட்டு வந்த தாளாளர், "லாபம் என்னன்னு இனிமே எவனாச்சும் எங்கிட்டக் கேக்கட்டும்" என்றார். அதுவரை அதிகமாகக் கேட்டவரே அவர்தான். நான் உள்ளுக்குள் துள்ளிக் குதித்தேன்.

வருகிற பிள்ளை கடைத்தெருவில் செலவழிக்கும் பணத்தை எழுதிக் காட்டினால் அதிகாரிக்குப் பிடிக்கும், எழுதுங்கள். ஆனால் அது சின்ன விஷயம். ஒருத்தி ஒரு வீட்டுக்குள் உண்மையிலேயே போனால்தான் அந்த வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தறி அவள் கண்ணில் படும். கெஸ்ட் ஹவுஸ் ஜன்னலிலிருந்து செட்டியார்பட்டி தெரியாது. வீடு பார்க்கும்போது வசதியைப் பார்க்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். வந்த பிள்ளைக்கு அந்த வீட்டில் ஒரு வேலை இருக்கிறதா என்றும் பாருங்கள். வீட்டாரைத் திட்டாதீர்கள், பிள்ளைக்குப் பாடம் எடுக்காதீர்கள். அவர்களுடைய வழக்கத்துக்குள்ளேயே ஒரு வழி இருக்கும், அது கண்ணில் படும்வரை கொஞ்சம் பொறுத்திருங்கள்.

மாரீஸ்வரி ஐப்பசியில் கிளம்பினாள். பருவம் முடிந்து ஹன்னா முன்பே ஊர் திரும்பியிருந்தாள், விடுதி அறை கிடைக்கும்வரை அவள் பெற்றோர் வீட்டில் மாரீஸ்வரி தங்க ஏற்பாடு. அவள் விமானம் ஏறிய பிறகுதான் எனக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. அந்த ஊரில் சாப்பிடுகிறாயா என்று ஒரு தடவைதான் கேட்பார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், பாத்திரத்தை எடுத்து வைத்துவிடுவார்கள். நம் பிள்ளைகளோ யார் வீட்டுக்குப் போனாலும் முதல் தடவை வேண்டாம் என்றுதான் சொல்லும், பசியில் உயிர் போனாலும் சொல்லும். முந்தைய வருஷங்களில் போன பிள்ளைகள் எல்லாம் முதல் சில நாள் பட்டினி கிடந்திருக்கிறார்கள். இதைச் சொல்லி அனுப்பினேன்தான். சொன்னால் மட்டும் செட்டியார்பட்டிப் பிள்ளைக்கு வாய் வந்துவிடுமா?

அவள் போய்ச் சேர்ந்த மறுநாள் கருப்பசாமி போன் செய்தார். "வீடியோவுல வாராளாம், எனக்குப் பேச வராது, நீங்களும் வாங்க டீச்சர்." ஷெட் வாசலில் மாலை வெளிச்சத்தில் நின்று பேசினோம். திரையில் மாரீஸ்வரி தடித்த ஸ்வெட்டருக்குள் சிரித்தாள்.

"சாப்பிட்டியாத்தா?" என்றார் கருப்பசாமி. வேறெதுவும் அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை.

"அதை ஏன் கேக்கீக. இந்த அம்மா விடவே மாட்டேங்காக அப்பா. வேண்டாம்னேன். மறுபடி கேட்டாக. அப்பவும் வேண்டாம்னேன். மூணாந்தடவை கேக்கவே இல்லை, தட்டுல வச்சுட்டாக. இங்க ஒரு தடவைதான் கேப்பாகன்னு டீச்சர் சொன்னாக, எம்புட்டுப் பயந்துக்கிட்டு வந்தேன் தெரியுமா."

போன் ஆடியது. ஹன்னாவின் முகம் திரைக்குள் நுழைந்தது. "நாந்தான் எங்க அம்மாட்ட சொன்னேன்" என்றாள், சொர்ணம் வீட்டுத் தமிழில். "எங்க ஊருப் பிள்ளைக மொத ரெண்டு தடவை பொய் சொல்லும், நம்பாதீகன்னு சொன்னேன்."

எங்கள் ஊர் என்று அவள் சொன்னது எந்த ஊரை என்று எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது.

அப்போது பின்னாலிருந்து ஒரு பருத்த அம்மாள் கையில் தட்டோடு வந்து திரைக்கு முன்னால் குனிந்தார். ஏதோ உருளைக்கிழங்குப் பலகாரம், ஆவி பறந்தது. கருப்பசாமியைப் பார்த்து ஜெர்மனில் ஏதோ கேட்டார்.

"உங்களுக்கும் வேணுமான்னு கேக்காக" என்றாள் ஹன்னா.

கருப்பசாமி வெட்கப்பட்டுத் துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டார். "வேண்டாம்மா, இப்பத்தான் சாப்பிட்டேன்" என்றார்.

அந்த அம்மாள் நம்பவில்லை. தட்டை இன்னும் கொஞ்சம் கிட்டே நீட்டி, மறுபடியும் கேட்டார்.